மீட்புக் கழகமும் உளுத்த பலகையும்

அவளைச் சீட்டம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள், சீட்டு நடத்துகிறவள் போலிருக்கிறது என்று எண்ணி ஓரடி தள்ளி நிற்பார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் சீட்டு. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் பஞ்சு திணித்து, ரெக்ஸின் இழுத்துத் தைத்து, தரையில் போல்ட் போட்டு முறுக்கிக் கொடுத்தவள். பட்டறையை இழுத்து மூடியபின் கை சும்மா இருக்கவில்லை. வீட்டிலிருந்த சோபாவை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். நான்காம் தடவை கத்தரிக்கோலோடு வந்தபோது அவள் கணவர் சோபாவின் மேல் குறுக்கே படுத்துக்கொண்டார்.

"உங்க அத்தான் அந்த ரயில் கழகத்துக்கு ஆள் வேணும் ஆள் வேணும்னு உயிரை வாங்குறாரே, அங்க போயேன். இது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அத்தான் என்றால் அவளுடைய அக்காவின் கணவர். குடிநீர் வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பாரம்பரிய ரயில்பெட்டி மீட்புக் கழகத்தின் இணைச் செயலாளர். மைத்துனி வருகிறாள் என்றதும் மகிழ்ந்துபோய் ஒன்பது பக்க விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கழகம் ஊருக்கு வெளியே ஒரு பழைய ரயில் யார்டில் இருந்தது. தகரக் கொட்டகை. உள்ளே ஒரே ஒரு பெட்டி. எண் 212, தொண்ணூறு வயதுக்கு மேல். இந்தப் பெட்டியை மீட்கத்தான் கழகம் பதினொரு வருஷமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. இதுவரை மீட்கப்பட்டது ஒரு கதவின் கைப்பிடி. அதற்குப் பக்கத்தில் கைப்பிடியை மீட்டவர்களின் பெயர்ப்பலகை இருந்தது. பலகை கைப்பிடியைவிடப் பெரியது.

நேர்காணலில் தலைவர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர். இங்கே மார்பில் எட்டுப் பித்தளைப் பொத்தான்கள் வைத்த கோட்டு போட்டிருந்தார்.

"நீங்க ரயிலை நேசிக்கிறீங்களா?"

"ஏறியிருக்கேங்க."

"நேசிக்கிறீங்களான்னு கேட்டேன்."

பின்னால் நின்ற அத்தான் தலையை ஆட்டச் சொல்லிச் சைகை காட்டினார். ஆட்டினாள். உடனே பெட்டியை நோக்கிக் கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி எடுக்கவைத்தார்கள். 'என்னால் இந்தப் பெட்டிக்கு எந்த மாற்றமும் நேராது' என்று மூன்று தடவை சொன்னாள்.

கழகத்தில் ஐந்து நிலைகள். நோக்குநிலை உறுப்பினர் பெட்டியைப் பார்க்கலாம். தூசிநிலையில் தூசி தட்டலாம். தொடுநிலையில் கையுறை போட்டுத் தொடலாம். பிடிநிலையில் கருவியைக் கையில் பிடிக்கலாம். செய்நிலையில்தான் அந்தக் கருவியால் எதையாவது செய்யலாம். பதினொரு வருஷத்தில் செய்நிலையை எட்டியவர் தலைவர் ஒருவர்தான். அதுவும் கௌரவமாக. அவர் ஸ்பேனரைத் தொட்டதில்லை.

சீட்டம்மா நோக்குநிலையில் சேர்க்கப்பட்டாள். சனிக்கிழமைதோறும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் பெட்டியைப் பார்க்க வேண்டும். பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். முதல் வாரம் 'பெட்டி இருக்கிறது' என்று எழுதினாள். இரண்டாம் வாரம் 'இன்னும் இருக்கிறது' என்று எழுதினாள். நல்ல முன்னேற்றம் என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு வந்தது.

அவளைச் சுற்றிலும் சீருடைகள் நடமாடின. ஏழு கார்டுகள் இருந்தார்கள், கொடியும் விசிலுமாக. ஒருவரோடொருவர் பேசாத இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் இருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் இருந்தார்; சாப்பாடு கொண்டுவந்த தன் மனைவியிடமே பிளாட்பாரம் டிக்கெட் கேட்டுத் திருப்பி அனுப்பியவர். துப்புரவுப் பணியாளர் வேஷம் மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதனால் கழிப்பறை கழுவும் முறைப் பட்டியல் 'பெண்கள் பங்களிப்பு' என்ற தலைப்பில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. கொட்டகையில் உருப்படியாக நடந்த ஒரே வேலை அதுதான் என்பது இரண்டு மாதத்தில் அவளுக்குப் புரிந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு கார்டு வழியில் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தி, "எங்கே பயணம்?" என்று கேட்டுச் சிரிப்பார். அவள் வாளியைக் கை மாற்றிக்கொண்டு கொடியைச் சுற்றி நடப்பாள்.

ஒரே ஒரு மனிதரோடுதான் அவளுக்குப் பேச்சு. ஐம்பது வயதுத் தச்சர். பகலில் ஜன்னல் கதவு செய்யும் சொந்தக் கடை. நாலு வருஷமாகத் தூசிநிலையில் இருந்தார்.

"அந்த மூணாவது ஜன்னல்ல ஒரு ஆணி வெளிய நீட்டிக்கிட்டிருக்கு பாருங்க. தூசி தட்டும்போதெல்லாம் கையைக் கிழிக்குது. ஒரே தட்டு, உள்ள போயிடும். அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஆணி ஏன் வெளிய வந்துச்சுன்னு ஆராயக் குழு போட்டிருக்காங்க. அவசரப்படுத்தினா ஆணி மனசு புண்படும் போல."

நான்காம் மாதம் கொட்டகையே பரபரத்தது. பாரம்பரியத் துறை இயக்குநர் நேரில் வருகிறாராம். அசல் தன்மைக்கான விருது கொடுக்கப்போகிறாராம். ரிப்பன் வெட்டி, 212-இல் ஏறி உட்கார்ந்து, ஒரு வாடகை இன்ஜின் இழுக்க யார்டுக்குள் அரைக் கிலோமீட்டர் போய்வரப்போகிறாராம். சிக்கல் என்னவென்றால் பெட்டிக்குள் இருந்த சீட்டுகளில் ஸ்பிரிங் வெளியே வந்திருந்தது. இயக்குநர் அதில் உட்கார்ந்தால் விருது கை மாறாது. உடனே சிறப்புக் கூட்டம் கூட்டி, சீட்டம்மாவை ஒரே நாளில் பிடிநிலைக்கு உயர்த்தினார்கள். செய்வதற்கு மட்டும் தற்காலிக விலக்கு. கழக வரலாற்றில் இப்படி நடந்ததே இல்லை என்று அத்தான் கண் கலங்கினார்.

முதல் சீட்டைக் கழற்ற ஸ்பேனரை வைத்தாள். முறுக்கவே வேண்டியிருக்கவில்லை. போல்ட் பல் விழுவதுபோல் கையோடு வந்தது, அடியில் ஒரு கொத்து மரத்தூளோடு. சீட்டைப் புரட்டியதும் அடித்த வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எலிப்புழுக்கை, காய்ந்துபோன எலி ஒன்று, கறுப்பாகப் பூசணம் பிடித்த பலகை. விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஓட்டை வழியாகத் தண்டவாளத்து ஜல்லி தெரிந்தது.

"அத்தான், தரை இல்ல."

"என்னம்மா இல்ல?"

"தரை. பார்த்தா இருக்கிற மாதிரி இருக்கு. ஆனா இல்ல. அடியில இருக்கிற சட்டமும் உளுத்துப் போச்சு. ஆள் ஏறினா நேரா தண்டவாளத்துலதான் இறங்குவாங்க."

அத்தான் நாலு பக்கமும் பார்த்தார். "சத்தமாப் பேசாதே. இது அசல் ஐயா விஷயம்."

அசல் ஐயா என்பவர் அசல் தன்மைக் குழுவின் தலைவர். பூதக்கண்ணாடியோடு வந்தார். முழந்தாளிட்டார். உளுத்த பலகையின் மேல் மூக்கை வைத்து நீளமாக முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் மூக்கு நுனியில் புழுக்கைத் துகள் ஒட்டியிருந்தது. கண்ணில் நீர்.

"தொண்ணூறு வருஷ வாசனைங்க இது! இந்த உளுப்பு ஒரு நாள்ல வந்ததா? காசு கொடுத்தா வாங்க முடியுமா? நல்ல மரத்தை எவன் வேணாலும் செஞ்சுடுவான். உளுப்பைச் செய்ய காலத்தாலதான் முடியும். இதை எடுத்துட்டு ஒரு புதுப் பலகையைப் போட்டா, அது பொய்ங்க. பச்சைப் பொய்!"

கைதட்டல் எழுந்தது. சீட்டம்மா, வகுப்பில் சந்தேகம் கேட்பவள்போல் கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஆளுங்க ஏறணுமே."

தலைவர் பரிவோடு சிரித்தார். "ஏறுறவங்க வருவாங்க, போவாங்கம்மா. பெட்டிதான் நிக்கணும்."

"பெட்டி நிக்குங்க. அதுக்குள்ள நாமதான் நிக்க முடியாது."

அந்த வாக்கியம் நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை. உளுப்பின் மேல் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துப் பாதுகாப்பது என்ற தீர்மானம் ஏறியது.

அன்று மாலை தச்சர் அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தார். நிறுத்தத்தை நெருங்கியதும் அவர் கேட்டார். "சீட்டு வேலைக்குன்னு சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"வார நாள்ல இந்தப் பக்கம் ஒருத்தரும் வர்றதில்ல. சனிக்கிழமைதான் இவங்களுக்கு ரயில் மேல பாசம் பொங்கும்."

பதினொரு பகல்கள் வேலை நடந்தது. நடுவில் வந்த சனிக்கிழமைகளில், சீட்டு வேலை நடக்கிறது என்று எழுதித் தொங்கவிட்டுப் பெட்டியைப் பூட்டி வைத்தார்கள். தச்சர் தன் கடையில் மிச்சமிருந்த தேக்குச் சட்டங்களைக் கொண்டுவந்தார். உளுத்ததையெல்லாம் அள்ளிச் சாக்கில் கட்டிக் கொட்டகைக்குப் பின்னால் போட்டார்கள். அடிச்சட்டம் நான்கு மாற்றினார்கள். பலகைக்குப் பலகை நாக்கும் பள்ளமும் வைத்து இணைத்து, இழைத்து, பழைய சாயத்துக்கு ஒத்த சாயம் ஏற்றினார் தச்சர். அவள் சீட்டுகளைத் தைத்துப் போல்ட் போட்டு முறுக்கினாள். கை வலிக்கும்வரை முறுக்க முடிந்ததில் அவளுக்குப் பழைய பட்டறை நாள்களின் தெம்பு வந்தது. முடிந்த அன்று இருவரும் தரை நடுவில் நின்று குதித்துப் பார்த்தார்கள். கிண்ணென்றிருந்தது. போகும் வழியில் தச்சர் மூன்றாவது ஜன்னல் ஆணியை ஒரே தட்டில் உள்ளே இறக்கினார்.

கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. சனிக்கிழமை அசல் ஐயா ஏறினார், நின்றார், முகர்ந்தார், அலறினார்.

"வாசனை எங்கே?"

விசாரணை மூன்று மணி நேரம் நடந்தது. 'பெட்டியை உபயோகமுள்ளதாக்கிய குற்றம்' என்று குற்றச்சாட்டில் எழுதியிருந்தது. தச்சரிடம் வருத்தம் தெரிவிக்கிறீர்களா என்று கேட்டார்கள். "ரெண்டாவது சட்டத்துல ஒரு நூல் கோணல் வந்துடுச்சு, அதுக்கு வருத்தம்தான்" என்றார் அவர். தலைவர் எழுந்து தழுதழுத்தார்.

"பதினொரு வருஷம்! பதினொரு வருஷமா நாம இந்தப் பெட்டியில ஒரு ஆணிகூட அடிக்காம கட்டிக் காத்தோம். ரெண்டு பேர், ரெண்டே பேர், பதினொரு நாள்ல எல்லாத்தையும் முடிச்சிட்டாங்க. எல்லாம் முடிஞ்சிட்டா அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்? சனிக்கிழமை நாம எங்க போறது? வீட்டுக்கா?"

சபையில் ஒரு நடுக்கம் ஓடியது.

மீட்பை மீட்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கழக வரலாற்றில் முதல் தடவையாக எல்லா உறுப்பினர்களுக்கும் கருவி வழங்கப்பட்டது. ஏழு கார்டுகளும் இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். பதினொரு வருஷத்தில் ஒரு ஜன்னலைத் திறக்காதவர்கள், இரண்டே நாளில் புதுத் தரை முழுவதையும் பெயர்த்துப் பிளந்து எறிந்தார்கள். சாக்கை அவிழ்த்து உளுத்த துண்டுகளைக் கொட்டினார்கள். அவற்றைக் கோந்து போட்டு ஒட்டி, கம்பியால் கட்டி, மேலே வார்னிஷ் அடித்து, சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். எலியையும் பழைய இடத்திலேயே வைத்ததாகக் கேள்வி.

தச்சர் நோக்குநிலைக்கு இறக்கப்பட்டார். சீட்டம்மாவுக்கும் நோக்குநிலைதான், வேலிக்கு வெளியிலிருந்து.

விழாவுக்கு முதல் நாள் காலை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி இயக்குநரோடு பெட்டிக்குள் போவது அக்காதான் என்று ஏற்பாடாகியிருந்தது. அக்கா கண்ணாடி முன் தட்டைப் பிடித்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ அதுல ஏறாதே. நான் என் விரலை விட்டுப் பார்த்தேன். கோந்து போட்டு ஒட்டியிருக்காங்க."

"உங்க அத்தான் கழகத்துல இருக்காரு. எனக்கு ஆபத்துன்னா அவர் ஏறச் சொல்வாரா?"

"அவர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன்." அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "நீ ஏறலேன்னா எனக்குத் தலைகுனிவுன்னாரு. அதுக்கு மேல என்னடீ கேட்கிறது?"

விழா அன்று வேலிக்கு வெளியே சீட்டம்மாவும் தச்சரும் நின்றார்கள். தச்சர் கையில் கடப்பாரை இருந்தது. எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. உள்ளே தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். இயக்குநர் ரிப்பனை வெட்டினார். அக்கா தட்டோடு முதலில் ஏறினாள். இயக்குநர் வாசற்படியில் கால் வைத்தார்.

அக்கா மூன்றாவது அடி வைத்தபோது கேட்ட சத்தம், ஈரப் பிஸ்கட் உடைவதுபோல் மெதுவாகத்தான் இருந்தது. வலது கால் தொடை வரை உள்ளே போயிற்று. கத்தரிக்கோல் எங்கோ உருண்டது. அக்கா ஒரு தடவை வீறிட்டாள்.

அப்போது மணி சரியாகப் பத்தேகால். கால அட்டவணைப்படி வண்டி புறப்பட வேண்டிய நேரம். முன்கோடியில் நின்ற கார்டு கடமை தவறாதவர். பச்சைக் கொடியை வீசினார். இன்ஜின் இழுத்தது. பெட்டி ஒரு சாண் நகர்ந்தது.

சீட்டம்மா வேலியை எப்படித் தாண்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. "நிறுத்துங்க! கால்! கால் கீழ இருக்கு!" என்று கத்திக்கொண்டே இன்ஜினை நோக்கி ஓடினாள். டிரைவர் வெளியிலிருந்து வாடகைக்கு வந்தவர். கழகத்தில் எந்த நிலையும் இல்லாத மனிதர். ஆகையால் உடனே பிரேக் போட்டுவிட்டார்.

அவள் திரும்பி ஓடி வந்து பெட்டியில் ஏறியபோது, உள்ளே செயற்குழு கூடியிருந்தது. அக்காவின் தொடையைச் சுற்றி உடைந்த பலகை கூராக இறுக்கியிருந்தது. கம்பளத்தின் சிவப்பில் இரத்தம் தெரியவில்லை. கம்பளம் கனத்துக்கொண்டே வந்ததுதான் தெரிந்தது.

"பலகையை வெட்டாம காலை எடுக்க முடியாதுங்கிறாங்க" என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா அசல் பலகையை வெட்டக் கழகத்துக்கு அதிகாரம் உண்டான்னு முதல்ல பார்க்கணும். கூட்டம் நடத்தக் கோரம் இருக்கா?"

"பதினொரு பேர் இருக்கோம்."

"வெட்டலாம்ங்கிறவங்க கை தூக்குங்க."

"பொறுங்க, பொறுங்க," அசல் ஐயா துடித்தார். "காலைக் கொஞ்சம் எண்ணெய் போட்டு வழிச்சு எடுத்தா பலகைக்குச் சேதம் வராதே!"

நான்கு கைகள் உயர்ந்தன. எதிராக ஆறு. ஒருவர் நடுநிலை. தீர்மானம் தோற்றது என்று தலைவர் அறிவித்துக்கொண்டிருந்தபோது தச்சர் அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கடப்பாரையைப் பலகைக்குள் செருகினார்.

"நீங்க நோக்குநிலை! கருவியைக் கீழே போடுங்க!"

"நோக்கிக்கிட்டேதான் செய்யுறேன்" என்றார் தச்சர். சீட்டம்மா அக்காவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு நெம்பில் தொண்ணூறு வருஷம் பொடிப்பொடியாயிற்று. அசல் ஐயா தரையில் உட்கார்ந்து பொடியைக் கைக்குட்டையில் அள்ளத் தொடங்கினார்.

ஆம்புலன்ஸ் போனபின் விழா தொடர்ந்தது. இயக்குநர் நெகிழ்ந்துபோயிருந்தார். "எத்தனையோ இடத்துல புதுப் பலகையைப் போட்டு ஏமாத்தறாங்க. இங்கதான் உண்மையான பழமை என் கண்ணு முன்னாலயே உடைஞ்சுது" என்று சொல்லி விருதைக் கொடுத்தார். மறு வாரமே ஓட்டையைச் சுற்றிப் பித்தளை வேலி போட்டார்கள். இப்போது பார்க்க வருகிறவர்கள் பெட்டியைவிட ஓட்டையைத்தான் அதிகம் படமெடுக்கிறார்கள்.

அக்காவுக்குத் தொடையில் முப்பத்திரண்டு தையல்; கணுக்காலில் முறிவு. நான்காம் நாள் பகல் அத்தான் சீருடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். சீட்டம்மா கட்டிலுக்கு அருகில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் கால்மாட்டில் நின்று ஓர் உறையை எடுத்தார்.

"விசாரணைக் குழு அறிக்கை வந்துடுச்சு. நீ தொடுநிலைகூட இல்லாம தரையில கால் வெச்சிருக்கே. அதனால ஒரு வருத்தக் கடிதம் மட்டும் கேட்கிறாங்க. நானே எழுதிட்டு வந்துட்டேன். ஒரு கையெழுத்துதான்." குரலைத் தாழ்த்தினார். "இது சுமுகமா முடிஞ்சா என்னைச் செயலாளர் ஆக்குறதா சொல்லியிருக்காங்க."

சீட்டம்மாவின் கையில் ஆரஞ்சு நசுங்கியது. வாயைத் திறக்கப்போனாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணு கேட்கணும்," என்றாள் அக்கா. "நான் அங்க மாட்டிக்கிட்டு இருந்தப்போ ஓட்டெடுத்தீங்களே. நீங்க எந்தப் பக்கம் கை தூக்கினீங்க?"

அத்தான் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார்.

"இணைச் செயலாளர் சொந்தக்காரங்க விஷயத்துல ஓட்டுப் போடக் கூடாது. விதி இருக்கு. நான் நடுநிலை."

அக்கா கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். 'கால் வைத்ததற்கு வருந்துகிறேன்' என்ற வரிக்குக் கீழே, படிக்காமலே, முழுப் பெயரையும் பொறுமையாக எழுதிக் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. செயலாளர் ஆகுங்க. நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்புறாங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

அத்தான் கடிதத்தை வாங்கினார். மை காய்ந்துவிட்டதா என்று ஊதிப் பார்த்தார். மூன்றாக மடித்து உறைக்குள் போட்டு, உறையைக் கோட்டின் உள்பையில் வைத்து, பித்தளைப் பொத்தானைப் பூட்டினார். அதற்கு அப்புறம்தான் கேட்டார்:

"எத்தனை நாளைக்கு?"